கன்னியக்கோயில் இல்லாத தீவுக்கு எவ்ளோ டீசல் வேணும்?

கடலூர்க்காரங்களுக்கு பெட்ரோல்னா பாண்டி எல்லைல இருக்கற கன்னியக்கோயில்தான். பாண்டில வரி கம்மி, லிட்டருக்கு நாலு காசு மிச்சம்னு வண்டிய ரிசர்வ்லயே ஓட்டிட்டுப் போயி எல்லை தாண்டி ஃபுல் பண்ணிட்டு வர்றது இங்க ஊர்ப்பழக்கம். ரிசர்வ்ல அவ்ளோ தைரியமா ஓட்ட முடியுதுன்னா வழியெல்லாம் பங்க் இருக்கு. அந்தப் பங்க்காரருக்கும் அதே தைரியம்தான், தரைக்குக் கீழ 20,000 லிட்டர் மாதிரி ரெண்டு மூணு டேங்க் பொதைச்சிருப்பாரு, தீரப்போவுதுன்னா போன் போடுவாரு, மறுநாள் லாரி வந்து நிக்கும்.

இத மனசுல வச்சிக்கிட்டு தீவுக்கு வாங்க. 2024 மார்ச்ல லட்சத்தீவு மினிக்காய்ல ஐஎன்எஸ் ஜடாயு கடற்படைத் தளம் திறந்தப்பவும், இந்தியப் பெருங்கடல்ல அமெரிக்க ராணுவத் தளம் இருக்கற டியாகோ கார்சியா தீவு விஷயமா பிரிட்டனும் மொரீஷியசும் 2025 மே மாசம் ஒப்பந்தம் போட்டப்பவும், அந்தமானுக்குத் தெக்க கிரேட் நிக்கோபார் தீவுல துறைமுகம், விமான நிலையம் கட்டற பேச்சு எப்ப வந்தாலும், நெறைய பேருக்கு வர்ற சந்தேகம் ஒண்ணுதான்: கையளவு தீவு, கொஞ்சம் ஆளுங்க, அதுக்கு எதுக்கு அவ்ளோ எண்ணெய் கிடங்கு, அதக் கட்ட எதுக்கு அவ்ளோ வருஷம்? தீவுல டேங்க்கோட சைஸ முடிவு பண்றது அடுத்த கப்பல் எப்ப வரும், வந்தா எண்ணெய இறக்க முடியுமாங்கற ரெண்டு கேள்வி. மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடி வர்றதுதான்.

எண்ணெய்னா எந்த எண்ணெய்?

எல்லாத்தையும் ஒரே டேங்க்ல ஊத்தி வைக்க முடியாது. ஒரு தளத்துக்கு பொதுவா மூணு வகை வேணும்.

1. டீசல். தீவுல கம்பி இழுத்து கரண்ட் கொண்டுவர முடியாது, ஜெனரேட்டர்தான். குடிக்கற தண்ணியும் பெரும்பாலும் கடல்தண்ணிய ஆர்ஓ பண்ணி எடுக்கறது, அதுக்கும் கரண்ட். அதாவது டீசல் தீந்தா லைட்டோட சேந்து குழாயும் நின்னுரும்.

2. ஏடிஎஃப், விமானத்துக்குப் போடற எரிபொருள். மண்ணெண்ணெய் ஜாதிதான், ஆனா சுத்தம் ரொம்ப முக்கியம், டேங்க், பைப், பம்ப் எல்லாமே தனியா இருக்கணும்.

3. பெட்ரோல். கொஞ்சம்தான் தேவைப்படும், ஆனா மூணுல ரொம்ப ஆபத்தானது இதுதான்.

ஆபத்த அளக்கறதுக்கு ஃபிளாஷ் பாயின்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரு எண்ணெய் எந்த சூட்டுல விடற ஆவி, நெருப்பு காட்டுனா குப்புனு பத்திக்குமோ அதுதான் அது. நம்ம நாட்டு 1934 பெட்ரோலியம் சட்டம் இத வச்சுத்தான் வகை பிரிக்குது: 23 டிகிரிக்கு கீழ பத்தறது ஏ வகுப்பு, 23ல இருந்து 65 வரைக்கும் பி, 65ல இருந்து 93 வரைக்கும் சி. பெட்ரோல் ஏ வகுப்பு, நம்ம ஊர் மார்கழிக் குளிர்லயே பத்திக்கும். சாதாரண விமான எரிபொருளுக்கு குறைஞ்சது 38 டிகிரி. விமானந்தாங்கிக் கப்பல்ல வைக்கறதுக்குன்னு அமெரிக்கா தயாரிக்கற ஜேபி-5க்கு 60 டிகிரி, ஆயிரக்கணக்கான பேர் அது மேலயே படுத்துத் தூங்கறாங்க இல்லையா, அதான்.

எண்ணெய் வகை கூடக்கூட டேங்க்கு, பைப்பு, பம்ப்பு எல்லாம் கூடும். அதனால நேட்டோ நாடுங்க விமான எரிபொருளையே தரையில ஓடற வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் போடற கொள்கைக்கு எப்பவோ மாறிட்டாங்க. வழவழப்பு கம்மிங்கறதால இன்ஜின் கொஞ்சம் தேயும்தான், ஆனா தீவுல ஒரு வரிசை டேங்க் குறையுதுன்னா அது பெரிய லாபம்.

கணக்கு போடறது எப்படி

கடலூர் முதுநகர்ல ஆழ்கடலுக்குப் போற விசைப்படகு கெளம்பறப்ப பாத்தா இந்தக் கணக்கு அப்படியே புரியும். எத்தனை நாள் தங்கல்னு மொதல்ல முடிவு பண்ணுவாங்க, போக எவ்ளோ, வர எவ்ளோ, வலை இழுக்க எவ்ளோன்னு பாத்து, காத்து மாறுனா சமாளிக்க மேல ரெண்டு நாளைக்கு டீசல் ஏத்துவாங்க, அதுக்கு மேல ஏத்துனா ஐஸுக்கு எடம் இருக்காது. தீவுக்கும் இதே கணக்குதான், பூஜ்யம் மட்டும் கூட. ஒரு கற்பனைத் தீவ எடுத்துக்கலாம்.

1. கரண்ட். எப்பவும் 500 கிலோவாட் லோடுன்னு வைங்க. ஒரு நாளைக்கு 12,000 யூனிட். யூனிட்டுக்கு கால் லிட்டர் டீசல்னா 3,000 லிட்டர்.

2. ரோந்துப் படகு, வண்டி, கிரேன் எல்லாம் சேத்து ஒரு 2,000 லிட்டர். ஆக டீசல் ஒரு நாளைக்கு 5 கிலோலிட்டர்.

3. விமானம். நம்ம கடற்படையோட பி-8ஐ ரோந்து விமானம் ஃபுல்லா நெப்புனா சுமார் 33 டன், அதாவது 41,000 லிட்டர் குடிக்கும், ரெண்டு பெரிய டேங்கர் லாரி. அது வாரத்துக்கு ரெண்டே ரெண்டு தடவ வந்து நெப்பிட்டுப் போனா ஒரு நாள் சராசரி 12 கிலோலிட்டர் ஆவுது. மொத்தத் தீவும் செலவு பண்ற டீசல விட ரெண்டு மடங்குக்கும் மேல. ஓடுபாதைய நீட்டுனா எண்ணெய் கிடங்கும் ஏன் கூடவே பெருசாகுதுன்னா இதனாலதான்.

4. நாள் கணக்கு. கப்பல் மாசத்துக்கு ஒரு தடவ. பருவமழைக் காலத்துல கடல் கொந்தளிச்சு ஒரு நடை தவறிப்போச்சுன்னா இன்னொரு 30 நாள். அதுக்கும் மேல அவசரத்துக்கு தொடாம வைக்கறது 15 நாள். ஆக 75 நாள். டீசல் 375 கிலோலிட்டர், ஏடிஎஃப் 900 கிலோலிட்டர்.

5. இப்பதான் வெளில தெரியாத செலவு. டேங்க்க விளிம்பு வரைக்கும் நெப்பக்கூடாது, எண்ணெய் சூட்டுல விரியும், ஒரு டிகிரிக்கு ஆயிரம் லிட்டர்ல முக்கால் லிட்டருக்கும் மேல. 500 கிலோலிட்டர் எண்ணெய் கப்பல்ல வந்த சூட்ட விட 10 டிகிரி ஏறுனா 4,000 லிட்டர் கூடிரும். மேல விடற அந்த வெத்து எடத்துக்கு பேரு அல்லேஜ். அதே மாதிரி அடில பம்ப் உறிஞ்ச முடியாம கெடக்கறது டெட் ஸ்டாக், கணக்குல இருக்கும் கைக்கு வராது. ரெண்டும் சேத்து 15 சதவீதம் போச்சுன்னு வச்சாலே டீசலுக்கு 440, ஏடிஎஃப்புக்கு 1,060 கிலோலிட்டர் டேங்க் வேணும்.

6. ஒரு டேங்க் எப்பவாச்சும் கிளீனிங்ல, ரிப்பேர்ல இருக்கும். அதனால ரெண்டு டேங்க் போதும்ங்கற எடத்துல மூணு கட்டணும். 220 கிலோலிட்டர்ல மூணு, 530 கிலோலிட்டர்ல மூணு.

கூட்டிப் பாத்தா மாசச் செலவு 510 கிலோலிட்டர், கட்டற டேங்க் 2,250 கிலோலிட்டர். இத மட்டும் பாத்துட்டு ஏன்டா இவ்ளோன்னு கேக்கறதுல தப்பு இல்ல, ஆனா மேல இருக்கற ஆறுல எத விடுவீங்கன்னு திருப்பிக் கேட்டா பதில் சொல்றது கஷ்டம்.

டேங்க் ரெடி, எண்ணெய் கரைக்கு எப்படி வரும்?

என்னைக் கேட்டா மொத்தத் திட்டத்துலயும் கஷ்டமான பகுதி இதுதான், செய்தில ஒரு வரி கூட வராததும் இதுதான். கடலூர் பழைய துறைமுகத்துக்கு சரக்குக் கப்பல் வந்த காலத்துல கரைக்கு வராது, நடுக்கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும், பார்ஜ்ங்கற தட்டையான சரக்குப் படகு போயி சரக்க ஏத்திட்டு வரும். பாண்டில கடலுக்குள்ள நீட்டிக் கட்டுன பழைய பாலத்துல ஒரு பகுதி 2022 மார்ச்ல இடிஞ்சு கடலுக்குள்ளயே போச்சு. தடுப்பு இல்லாத கரையில அலை எதையும் விட்டுவைக்காது, பவளத்தீவுல நெலம இன்னும் மோசம். பாறைக்கு உள்பக்கம் பெரிய கப்பலுக்கு ஆழம் பத்தாது, வெளிப்பக்கம் திடீர்னு அதலபாதாளம், நங்கூரம் புடிக்க எடமே இருக்காது.

வழி நாலு இருக்கு, சீப்ல இருந்து காஸ்ட்லி வரைக்கும்:

1. 200 லிட்டர் பேரல். நம்ம கணக்குல வந்த 375 கிலோலிட்டர் டீசலுக்கு மட்டும் 1,875 பேரல். ஒவ்வொண்ணா இறக்கணும், உருட்டணும், காலி பேரல திருப்பி அனுப்பணும், நடுவுல எது ஓட்டை எது துருன்னும் பாக்கணும்.

2. பார்ஜ். கடல் அடங்கி இருந்தா நல்ல வழி.

3. மிதக்கற ஹோஸ். கப்பல் தள்ளியே மிதவைல கட்டி நிக்கும், ரப்பர் ஹோஸ் வழியா எண்ணெய் கரைக்கு வரும்.

4. நெஜமான ஜெட்டி. ஆழம் தோண்டணும், பவளம் உடையும், வருஷக்கணக்குல இழுக்கும்.

மூணாவது வழி எவ்ளோ தூரம் கை கொடுக்கும்ங்கறதுக்கு தெற்கு அட்லாண்டிக் தீவுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதுன 1982 ஃபாக்லாந்து போர் நல்ல உதாரணம். நடு அட்லாண்டிக்ல இருக்கற அசென்ஷன் தீவுதான் பிரிட்டனுக்கு நடுவழித் தளம். அங்க இருந்து போர்க்களத்துக்கு 6,000 கிலோமீட்டருக்கும் மேல. மே 1ஆம் தேதி ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்த அனுப்ப, வானத்துலயே எண்ணெய் ஊத்தறதுக்கு 11 விக்டர் டேங்கர் விமானம் கெளப்ப வேண்டியிருந்துச்சு. அத்தனையும் நெப்பற எண்ணெய் கடல்ல நின்ன கப்பல்ல இருந்து ஹோஸ் வழியா கரை டேங்க்குக்கு வந்து, அங்க இருந்து ராணுவ இன்ஜினியருங்க போட்ட பைப்ல ஓடுபாதைக்கு ஏறுச்சு. அந்த ஹோஸ் பிஞ்சிருந்தா விமானம் எத்தனை இருந்தும் புண்ணியமில்ல.

இந்தச் செலவு யார் தலைல?

சாதாரண ஜனங்க தலைலயும்தான். கொச்சில இருந்து கப்பல்ல எண்ணெய் போற லட்சத்தீவுல 2024 மார்ச்ல விலை குறைச்சப்ப, ஆந்த்ரோத், கல்பேனில லிட்டருக்கு 15 ரூபாய்க்கு மேல, கவரத்தி, மினிக்காய்ல 5 ரூபாய்க்கு மேல இறங்குச்சு. அதுக்கு முன்னாடி டெப்போ கட்டுன முதலீட்ட எடுக்கறதுக்குன்னே லிட்டர் விலைல ஒரு தொகை சேத்து வாங்கிக்கிட்டிருந்தாங்க. நம்ம பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்கே எல்லை தாண்டி ஓடற ஆளுங்க.

புயல் வந்தா, அலை வந்தா

2011 டிசம்பர் 30 விடியக்காலைல தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுனது இங்க யாருக்கும் மறந்திருக்காது, பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. கடலூர் கடலோரத்துல அப்ப கட்டிக்கிட்டிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் பலமா அடி வாங்குச்சு. காலி டேங்க் புயலுக்கு ஆகவே ஆகாது. உள்ள எண்ணெய் இருந்தா அந்த எடையே தாங்கிக்கும், காலியா இருந்தா மெல்லிசான தகடு, ஒரு பக்கம் காத்து அமுக்குனா சோடா டின் மாதிரி உள்ள போயிரும்.

வெள்ளம் அதவிட மோசம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 10 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடுல செஞ்ச டேங்க், கிட்டத்தட்ட 780 கிலோலிட்டர் புடிக்கும். மொத்த இரும்பு எடை ஒரு 25 டன். அது நிக்கற எடத்தோட பரப்பு 78 சதுர மீட்டர். சுத்தி 35 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே 27 டன் மேல தூக்கும், டேங்க் மிதக்க ஆரம்பிச்சிரும். முழங்காலுக்கும் கீழ நிக்கற தண்ணி! மிதந்த டேங்க் பைப்ப பிச்சிக்கிட்டுத்தான் போகும், அந்த பைப் வழியா பக்கத்து டேங்க் எண்ணெயும் வெளிய வரும். அதனாலதான் அஸ்திவாரத்துல போல்ட் போட்டு இறுக்கறதும், புயல் எச்சரிக்கை வந்தா காலி டேங்க்ல தண்ணி நெப்பறதும்.

டியாகோ கார்சியா கடல் மட்டத்துல இருந்து சராசரியா ஒரு மீட்டர் சொச்சம்தான் உயரம். கிரேட் நிக்கோபார்ல பிரச்சினை வேற மாதிரி: 2004 டிசம்பர் 26 பூகம்பத்துல தரையே 4 மீட்டருக்கு மேல இறங்கிப்போச்சு, இந்திரா முனை கலங்கரை விளக்கத்தோட அடிப்பகுதி இன்னைக்கு கடலுக்குள்ள நிக்குது. அங்க டேங்க் எங்க வைக்கறதுங்கறது வெறும் மேடு பாக்கற வேலை இல்ல, மண்ணு ஆடுனா பைப் எங்க மடங்கும்னும் சேத்துப் பாக்கணும்.

டேங்க்க சுத்தி ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், டைக்னு சொல்லுவாங்க. இருக்கறதுல பெரிய டேங்க் மொத்தமா உடைஞ்சாலும் அந்த எண்ணெய் உள்ளயே நிக்கற அளவு அது இருக்கணும். மழைத்தண்ணி போக அதுல ஒரு வால்வு வைப்பாங்க, வேலை முடிஞ்சதும் மூடியே இருக்கணும். மழை நாள்ல தெறந்துட்டு மூட மறந்தா கோடிக்கணக்குல கட்டுன சுவர் சும்மா அலங்காரத்துக்குத்தான்.

டேங்க்குக்குள்ள தண்ணி

பங்க்ல காலைல டிப் ராடு விடறத பாத்திருப்பீங்க. நீளமான அளவுகோல், நுனில ஒரு பேஸ்ட் தடவுவாங்க, மெதுவா அடி வரைக்கும் இறக்கி ஒரு நிமிஷம் வச்சு எடுப்பாங்க. எண்ணெய் பட்ட எடத்துல பேஸ்ட் நிறம் மாறாது, தண்ணி பட்ட எடம் மட்டும் பளிச்சுனு வேற நிறத்துக்கு மாறிரும், கோடு கிழிச்ச மாதிரி. ரெண்டு விரக்கடை தெரிஞ்சாலே முகம் மாறிரும்.

தீவுல இது தினசரி சண்டை. பகல்ல டேங்க் சூடாகி மூச்சு விடும், ராத்திரி ஆறுனா ஈரக்காத்த உள்ள இழுக்கும், உள்ள போன ஈரம் சுவத்துல வேர்த்து அடில தங்கும். எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவுல நுண்ணுயிர் வளந்து வழவழனு கசடு கட்டும், ஃபில்டர் அடைக்கும், அடித்தகடு உள்ள இருந்தே அரிக்கும். வெளிய உப்புக்காத்து அது பங்குக்கு அரிக்கும். மூணு மாச ஸ்டாக் வைக்கறோம்னா மூணு மாசம் எண்ணெய கெடாம காப்பாத்தறோம்னும் அர்த்தம். பழசு மொதல்ல வெளிய போகணும், அடித்தண்ணிய அடிக்கடி வடிக்கணும், விமானத்துக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணி பிரிக்கற ஃபில்டர் வேணும்.

குண்டுக்கு பயந்து பொதைச்சா

யாராச்சும் கெட்டிக்காரனா, கில்லாடியா இருந்தா "அவன் பெரிய எம்டன்"னு சொல்றோமே, அந்தப் பேரே எண்ணெய் டேங்க்ல இருந்து வந்ததுதான். முதல் உலகப் போர் சமயத்துல, 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வெளிய நின்னு பர்மா ஆயில் கம்பெனி டேங்க்குங்கள சுட்டு எரிச்சுது. எண்ணெய் டேங்க் தூரத்துல இருந்தே தெரியும், நகராது, ஒரு குண்டு போதும். திருகோணமலையில பிரிட்டிஷ்காரங்க சுமார் நூறு டேங்க்க ஒரே கும்பலா கட்டாம காட்டுக்குள்ள தள்ளித்தள்ளி கட்டுனாங்க. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் குண்டு வீச்சுல டேங்க் எரிஞ்சும் கிடங்கு மொத்தமா போகல, அதே டேங்க்குங்களுக்காகத்தான் 2022 ஜனவரில இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுது.

தள்ளித்தள்ளி கட்ட எடம் இல்லன்னா? அமெரிக்கா ஹவாய்ல மலையக் குடைஞ்சுது. ரெட் ஹில்னு பேரு, 1940ல ஆரம்பிச்சு 1943ல முடிஞ்சுது. 20 டேங்க், ஒவ்வொண்ணும் 250 அடி உயரம், ஒவ்வொண்ணுலயும் 4.7 கோடி லிட்டர். குண்டுக்கு பதில் கெடைச்சாச்சு. ஆனா டேங்க்குக்கு அடில சுமார் 100 அடி ஆழத்துல ஹொனலூலுவுக்கு குடிதண்ணி கொடுக்கற நிலத்தடி நீர் இருந்துச்சு. பொதைச்ச டேங்க்ல கசிவு கண்ணுக்குத் தெரியாது. 2014ல ஒரு டேங்க்ல இருந்து 27,000 கேலன், அதாவது ஒரு லட்சம் லிட்டர் கசிஞ்சுது.

பெரிய கூத்து 2021ல. மே மாசம் பைப்ல அழுத்தம் எகிறி எண்ணெய் கொட்டுச்சு, அதுல சுமார் 20,000 கேலன் தீயணைப்பு அமைப்போட வடிகால் பைப்புக்குள்ள போயி தங்கிருச்சு, அது அங்க இருக்கறதே யாருக்கும் தெரியல. நவம்பர் 20ஆம் தேதி சுரங்கத்துக்குள்ள ஓடற சின்ன ரயில் வண்டி அந்த பைப்போட வால்வுல இடிச்சு, எண்ணெய் வெளிய வந்து, அதுல ஒரு பகுதி கிணத்துல கலந்துச்சு. குழாயத் தெறந்தா எண்ணெய் வாடை. சுமார் 93,000 பேர் தண்ணி கெட்டுச்சு. எண்பது வருஷமா எல்லாரும் டேங்க்கயே பாத்துக்கிட்டிருந்தாங்க, காலை வாரி விட்டது நெருப்ப அணைக்கறதுக்குன்னு போட்ட பைப்.

பவளத்தீவுல இது இன்னும் பயங்கரம். அங்க நல்ல தண்ணி பாறைல இல்ல, மணலுக்கு அடில உப்புத்தண்ணி மேல மிதக்கற ஒரு மெல்லிசான வில்லை. நீர்மட்டம் கடல விட ஒரு மீட்டர் மேல இருந்தா கீழ சுமார் 40 மீட்டர் நல்ல தண்ணி நிக்கும்ங்கறது பொதுக்கணக்கு, சின்னத் தீவுல அந்த ஒரு மீட்டரே இருக்காது. எண்ணெயும் தண்ணி மேலதான் மிதக்கும். ரெண்டும் சந்திக்கற எடம் அதேதான்.

2022 மார்ச்ல அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் ரெட் ஹில்ல மூட உத்தரவு போட்டாரு. 10 கோடி கேலனுக்கு மேல இருந்த எண்ணெய எடுக்க 2023 அக்டோபர் வரைக்கும் பைப்பு ரிப்பேரே நடந்துச்சு, அப்புறம்தான் இறக்க ஆரம்பிச்சாங்க, அடில கெடந்தது முடிய 2024 மார்ச் ஆச்சு. இனிமே ஒரே எடத்துல குவிச்சு வைக்காம, பல கரையிலயும் கடல்ல கப்பல்லயுமா பிரிச்சு வைக்கப்போறோம்னு சொல்லியிருக்காங்க.

கப்பலையே டேங்க்கா வச்சிக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. சென்னைய சுட்டுட்டு தெக்க எறங்கி இலங்கையச் சுத்திப்போன எம்டன், 1914 அக்டோபர்ல போயி நங்கூரம் போட்ட எடம் டியாகோ கார்சியா. போர் ஆரம்பிச்ச சேதியே அங்க இருந்தவங்களுக்கு எட்டியிருக்கல, ஜெர்மன்காரங்களும் வாயத் தெறக்காம அவங்களோட ரிப்பேர் ஆன மோட்டார் படகக் கூட சரி பண்ணிக் கொடுத்துட்டு, அடிப்பாகத்துல ஒட்டுன பாசியச் சுரண்டிட்டு, கூடவே கூட்டிட்டு வந்திருந்த கப்பல்ல இருந்து நிலக்கரிய ஏத்திக்கிட்டு கெளம்பிட்டாங்க.